ஒரு காதில் மட்டும்

எங்கள் தொழிற்சாலை பஸ்ஸில் அந்த அம்மா சிம்பாங் ரெங்கம் நிறுத்தத்தில் ஏறி என் பக்கத்தில் உட்காருவார். நீலச் சீருடை, நெற்றியில் ஈரம் காயாத திருநீறு. ஒரு காதில் மட்டும் இயர்போனை மாட்டிக்கொண்டு, ஒரே பாட்டைப் பின்னுக்கு இழுத்து இழுத்துக் கேட்பார்.

ஒருநாள் மற்ற இயர்போனை என்னிடம் நீட்டினார்.

"தம்பி, தங்காக் ஊர்ல ராப் பாடுற பையன் ஒருத்தனைத்தான் இந்தப் பாட்டுல பாடுறவன் ஏசுறான். நெசமா சொல்றானா, சும்மாவா? கேட்டு சொல்லுங்கலா."

கேட்டேன். 'திருவிழாவுக்கு வா, உனக்கு மாலை வாங்கி வெச்சிட்டேன்' என்றது ஓர் இளங்குரல். சாவு மாலையைத்தான் சொல்கிறான் என்று புரிந்தது.

"பயப்படாதீங்கம்மா. ராப்ல எல்லாரும் இப்படித்தான் மாத்தி மாத்தி ஏசிக்குவாங்க. பாட்டோட சரி."

"வேற யாரும் பாடியிருந்தா நானும் அப்படித்தான் நெனைப்பேன்," என்றார். "பாடுறது என் மகன். வீட்ல வாயே தொறக்க மாட்டான். அவன் மனசுல என்ன இருக்குன்னு இதுலதான் தேடுறேன்."

பஸ் தொழிற்சாலை வாசலில் நின்றதும் எல்லாரும் இறங்கத் தொடங்கினார்கள். நான் இயர்போனைக் கழற்றவில்லை. அந்த வரியை இன்னொரு தடவை போடச் சொன்னேன்.