சகலை வண்டிக்கு எஃப்.சி.

என் சகலை உலகநாதனைப் பற்றி யாரிடம் கேட்டாலும் தங்கமான மனுஷன் என்பார்கள். பாகூர் பக்கம் போய் ஒரு டீக்கடையில் அவன் பெயரைச் சொல்லிப் பாருங்கள், உங்களிடம் டீக்குக் காசு வாங்க மாட்டார்கள். நானும் அவனைத் தங்கம் என்றுதான் சொல்கிறேன். வேறு என்ன சொல்வது? குறை சொல்ல அவன் ஒரு இடமும் வைக்கவில்லை. அதுதான் அவனிடம் எனக்குப் பிடிக்காத விஷயம்.

எங்கள் மாமனார் சின்னதம்பிக்குக் கரிக்கலாம்பாக்கத்தில் வீடு. இரண்டு பெண்களுக்கும் ஒரே பந்தலில், ஒரே முகூர்த்தத்தில் கல்யாணம் செய்து வைத்தார். பெரியவள் கண்ணகி உலகநாதனுக்கு, சின்னவள் ஜெயப்பிரியா எனக்கு. வயதில் நான் அவனுக்கு மூத்தவன். ஆனால் மாமனார் வீட்டில் மாப்பிள்ளையின் வயது செல்லாது. பெரியவளைக் கட்டியவன் பெரிய மாப்பிள்ளை, அவ்வளவுதான். விருந்துக்கு விரால் குழம்பு வைத்தால் தலைத் துண்டு நேராக அவன் இலைக்குப் போகும். எனக்கு நடுத்துண்டு. நடுத்துண்டில்தான் சதை அதிகம் என்று ஜெயப்பிரியா சமாதானம் சொல்வாள். சதைக்காகவா ஒருவனுக்கு வயிறு எரியும்?

மாமனார் பாகுபாடு பார்க்கிறவர் இல்லை என்று காட்டுவதற்காக, கல்யாணத்துக்கு இரண்டு பேருக்கும் ஒரே மாடல் பைக், ஒரே கறுப்பு நிறத்தில் வாங்கித் தந்தார். பதிவு செய்யும்போது மட்டும் பெரிய மாப்பிள்ளை பெயரை முதலில் கொடுத்துவிட்டார். அவனுக்கு வந்த எண்ணைக் கூட்டினால் ஏழு. அடுத்த எண் எனக்கு, கூட்டினால் எட்டு. எட்டு சனியுடைய எண் என்பதை நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

உலகநாதன் பாகூரில் நிலம் குத்தகைக்கு எடுத்து நெல் பயிர் வைக்கிறவன், கூடவே இரண்டு கறவை மாடு. அந்த வண்டியை அவன் படுத்திய பாடு வண்டிக்குத்தான் தெரியும். புல்லுக்கட்டு, உரமூட்டை, பால் கேன், ஒரு தடவை நோவு வந்த கன்றுக்குட்டி, எல்லாம் அதில்தான் போகும். முன்பக்கம் ஹெட்லைட்டுக்கு மேலே மஞ்சள் பெயிண்டில் 'கண்ணகி' என்று எழுதி வைத்திருந்தான். ஆயுத பூஜைக்கு ஒரு நாள் கழுவுவான். நான் திருவாண்டார்கோயிலில் கம்பெனி வேலைக்குப் போகிறவன். தினமும் காலையில் ஜெயப்பிரியாவின் பழைய காட்டன் புடவையைக் கிழித்து வண்டியைத் துடைத்துவிட்டுத்தான் டீயே குடிப்பேன். அப்படியும் அவன் வண்டி ஒரே உதையில் கிளம்பும், என்னுடையது மழைக்காலம் வந்தால் முக்கும்.

கஷ்டம் வந்தால்கூட அவனுக்கு வேறு மாதிரிதான் வருகிறது. புயல் மழையில் அவன் பயிர் முழுகிய வருஷம், மாமனார் பாகூருக்கே போய்த் தங்கி, வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு சேற்றில் இறங்கித் தண்ணீர் வடிய வாய்க்கால் வெட்டினார். அதே வருஷம் எனக்கு டெங்கு வந்தது. மாமனார் போன் செய்து நிலவேம்புக் கஷாயம் குடிக்கச் சொன்னார்.

இப்படியே பதினைந்து வருஷம் ஓடிவிட்டது. பதினைந்து வருஷம் ஆன பைக்கைப் பிரேக் இன்ஸ்பெக்டரிடம் காட்டிப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். அதைத்தான் எல்லாரும் எஃப்.சி. காட்டுவது என்கிறோம். சரியாக அந்த நேரத்தில் எங்கள் மச்சான், மாமனாரின் ஒரே மகன் வீரப்பனுக்குக் கல்யாணம் நிச்சயமானது.

எங்கள் பக்கம் பத்திரிகை வைக்க மாமனார் போனால் பின்னாலேயே ஒரு மாப்பிள்ளை போக வேண்டும். தட்டை நீட்டுவது மாமனார்தான், ஆனால் ஊர் பார்ப்பது பக்கத்தில் நிற்கிற மாப்பிள்ளையை. அந்த வீட்டில் காதுகுத்து, மஞ்சள் நீராட்டு என்று எது வந்தாலும் இதுவரை பக்கத்தில் நின்றது உலகநாதன். இந்தத் தடவை நான் நிற்க வேண்டும் என்று நினைத்தேன். இது மாமனார் வீட்டில் நடக்கிற கடைசிக் கல்யாணம். இதை விட்டால் எனக்கு வேறு சந்தர்ப்பம் கிடையாது.

மாமனாரே வழி சொன்னார். "எந்த வண்டிக்கு எஃப்.சி. ஆவுதோ அந்த வண்டிலதான் நான் குந்துவேன். வழியில போலீஸ்காரன் நிறுத்தி, சொந்தக்காரன்லாம் பாக்க நான் ரோட்ல நிக்கறதா? ரெண்டு பேரும் காட்டுங்க மாப்ள."

அன்றைக்கே வில்லியனூரில் மெக்கானிக் திலீப்பிடம் போனேன். இந்த மாடலுக்கென்று சில வியாதிகள் உண்டு. ஹேண்டிலைத் திருப்பித் திருப்பி ஹாரன் ஒயர் உள்ளேயே அறுந்துவிடும். கால் பிரேக்கை மிதித்தால் பின்லைட் எரியாது. ஹேண்டில் கோன்செட் தேய்ந்து கடகடக்கும். எஃப்.சி.யில் இந்த மாடல் திரும்பி வந்தால் முக்கால்வாசி இதில் ஒன்றாகத்தான் இருக்கும் என்றான் திலீப். எல்லாவற்றையும் புதிதாக மாற்றச் சொன்னேன்.

அன்று சாயங்காலம் உலகநாதன் போன் செய்தான். "இன்னா சகலை, எஃப்.சி.க்கு இன்னாலாம் பாக்கணும்? எனக்கு ஒரு எழவும் தெரியல."

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் உலகநாதன் என்னிடம் வந்து ஒன்று கேட்பது அதுவே முதல் தடவை. தெரிந்ததைக் காட்டாமல் இருக்க மனசு கேட்குமா? ஹாரன் ஒயர், பின்லைட் சுவிட்ச், கோன்செட் என்று ஒன்று விடாமல் ஒப்பித்தேன். "ஹேண்டில் கழுத்தாண்ட ஒயரப் புடிச்சி ஆட்டிப் பாருங்க சகலை, அங்கதான் அறுந்திருக்கும்" என்று இடம் வரைக்கும் சொன்னேன். போனை வைத்த பிறகுதான் என்ன செய்துவிட்டேன் என்று உறைத்தது. ஜெயப்பிரியா சிரித்தாள். "போட்டின்னு சொல்லிட்டு நீயே பாடம் எடுக்கற பாரு" என்றாள்.

இனி ரிப்பேரில் அவனை ஜெயிக்க முடியாது, அழகில்தான் ஜெயிக்க வேண்டும். திலீப்பிடம் வண்டி முழுவதையும் பெயிண்ட் அடிக்கச் சொன்னேன். நிறம் மாற்றினால் ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும் என்பது எனக்குத் தெரியும், அதனால் அதே கறுப்பு. நான் ஒன்றும் விவரம் கெட்டவன் இல்லை.

"ஹேண்டில் கழுத்துல மட்டும் டேப் ஒட்டிட்டு அடிக்கவாண்ணே?" என்று கேட்டான் திலீப்.

அங்கேதான் துரு ஏறியிருந்தது. அதை விட்டுவிட்டால் சகலை கண்ணில் முதலில் படுவது அதுதான். "ஒரு இடம் வுடாத. ரெண்டு கோட்டா அடி" என்றேன்.

வண்டி வந்தபோது ஷோரூமிலிருந்து இறக்கியது போல இருந்தது. முன்னால் எழுதியிருந்த 'ஜெயப்பிரியா' காணாமல் போனதற்கு மட்டும் வீட்டில் இரண்டு நாள் சோறு சூடாக விழவில்லை.

எஃப்.சி. காட்டும் மைதானத்துக்கு மாமனார் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு டவுன் பஸ்ஸில் வந்து மர நிழலில் நின்றார். உலகநாதன் வண்டியில் அப்போதும் வைக்கோல் ஒட்டியிருந்தது. பிரேக் இன்ஸ்பெக்டர் ஹாரனை அழுத்தினார், அடித்தது. பிரேக்கை மிதித்தார், பின்லைட் எரிந்தது. ஹேண்டிலை ஆட்டினார், கடகடக்கவில்லை. நான் சொன்னதை ஒன்று விடாமல் செய்திருந்தான் பாவி! கடைசியில் ஹேண்டில் கழுத்தில் இருந்த அழுக்கையும் கிரீஸையும் உலகநாதனே துணியால் துடைத்துக் காட்டினான். உள்ளே கம்பெனியில் வண்டியின் உடம்பிலேயே வெட்டின சேஸ் நம்பர், வெட்டின நாள் மாதிரி இருந்தது. இன்ஸ்பெக்டர் அதன்மேல் காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்செடுத்துக்கொண்டார். பாஸ்.

அடுத்தது என் வண்டி. "புது வண்டி மாதிரி வெச்சிருக்கீங்களே" என்றார் இன்ஸ்பெக்டர். மாமனாருக்குக் கேட்டதா என்று திரும்பிப் பார்த்தேன். கேட்டிருந்தது. ஹாரன், லைட், பிரேக் எதிலும் குறை இல்லை. பிறகு அவர் கழுத்தில் காகிதத்தை வைத்துப் பென்சிலைத் தேய்த்தார். வெறும் கறுப்பு. இன்னொரு தடவை தேய்த்தார். விரலால் தடவிப் பார்த்தார்.

"இன்னாங்க இது, நம்பரையே காணோம்? இது உங்க வண்டிதான்னு நான் எத வெச்சி நம்பறது? பெயிண்ட்ட சுரண்டி, நம்பர் தெரியற மாதிரி அடுத்த வாரம் கொண்டாங்க."

திலீப் எதற்கு டேப் கேட்டான் என்பது எனக்கு அப்போது புரிந்தது. பதினைந்து வருஷ அழுக்கு சகலையின் நம்பரைக் காப்பாற்றியிருக்கிறது, பதினைந்து வருஷம் துடைத்த நான் என் நம்பரை இரண்டு கோட்டில் மூடியிருக்கிறேன். எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. அதுவும் இன்ஸ்பெக்டர்மேல் இல்லை, கிரீஸ் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு நின்ற உலகநாதன்மேல்.

மாமனார் அவன் வண்டியைப் பார்த்தார். அவன் தலையைச் சொறிந்தான். "ஞாயித்துக்கெழம அறுப்பு மிஷின் வருது மாமா. வுட்டா அப்பறம் கெடைக்காது. சகலை என் வண்டிய எடுத்துனு உங்களக் கூட்டினு போவட்டும். அவுரு சொல்லித்தான இது பாஸே ஆச்சி."

தானம் கொடுப்பதில்கூட அவன்தான் முந்துகிறான். வேண்டாம் என்று சொல்ல நாக்கு வரை வந்தது. சாவியை வாங்கிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மாமனாரைப் பின்னால் உட்காரவைத்து, நெற்றியில் 'கண்ணகி' என்று எழுதின வண்டியில் வீடு வீடாகப் போனேன். வண்டி கரும்புக்காட்டு மேடு பள்ளத்திலும் முனகாமல் போனது. அதற்கும் வயிறு எரிந்தது. மண்ணாடிப்பட்டில் மாமனாரின் ஒன்றுவிட்ட தங்கை ஆதிலட்சுமி அத்தை வாசலுக்கு வந்தார். கல்யாணப் பந்தலில் பார்த்ததோடு சரி, எந்த மாப்பிள்ளை எவன் என்று அவருக்கு அடையாளம் தெரியாது. வண்டியைப் பார்த்தார், எழுத்துக்கூட்டிப் படித்தார்.

"கண்ணகி வூட்டுக்காரரா? வாங்க பெரிய மாப்ள! சாப்புடாம போவக் கூடாது."

விரால் குழம்பு. தலைத் துண்டு என் இலையில் விழுந்தது. நான் மாமனாரைப் பார்த்தேன். அவர் அத்தையைத் திருத்தவில்லை. "சாப்புடுங்க மாப்ள" என்றார். பெரிய என்றும் சொல்லவில்லை, சின்ன என்றும் சொல்லவில்லை. பதினைந்து வருஷம் ஆசைப்பட்ட தலையைப் பிட்டு வாயில் வைத்தேன். ருசியாகத்தான் இருந்தது. ஆனால் அதை அவன் பெயரில்தான் தின்றேன். போதாததற்கு அதில் சதையே இல்லை, எல்லாம் முள். ஜெயப்பிரியா சொன்னது உண்மைதான் போல.

கை கழுவும்போது போன் அடித்தது. பின்னால் அறுப்பு மிஷின் சத்தம். "சகலை, சாப்ட்டீங்களா? வண்டி எப்பிடி ஓடுது?"

வழியில் கோழி, ஆடு, டவுன் பஸ் எல்லாவற்றையும் ஒரே ஹாரனில் ஒதுக்கிவிட்ட வண்டி அது.

"பரவால்ல சகலை" என்றேன். "ஹாரன் சத்தம்தான் கொஞ்சம் பத்தல."