தூண்டில் ஈயம் என்று எழுதமாட்டேன்

அருங்காட்சியகத்தில் ஆயிரம் வருடப் பழைய பொருளைக் கையுறை போட்டுக்கொண்டுதான் தொடுவார்கள். அதைத் துடைத்து, நிறுத்து, பட்டியலில் ஏற்றுகிறவளின் பேச்சைக் காதிலும் தொடவிட மாட்டார்கள். நீங்கள் நாள்கணக்காகப் பாடுபட்டுச் சொன்னதை மேலதிகாரி அரை நிமிடத்தில் தள்ளிவிட்ட அனுபவம் உங்களுக்கும் இருக்குமென்றால் வாருங்கள், நாம் சொந்தக்காரர்.

என்ன வேலை, பிள்ளை?

நான் றெஜினா. மன்னாரில் பிறந்தவள். பென்டில் ஹில்லிலிருந்து தினமும் ரயிலேறி, சிட்னி நகருக்குள் ஒரு பல்கலைக்கழகத்தின் சின்ன அருங்காட்சியகத்துக்குப் போகிறேன். பதவி, பட்டியல் உதவியாளர். வருகிற பொருளை அளந்து, படம் எடுத்து, அது என்ன என்று இரண்டு வரி எழுத வேண்டும். வருடா வருடம் புதுப்பிக்கிற ஒப்பந்தம். ஆகவே வருடா வருடம் ஒரு நெஞ்சிடி.

ஒரு ஞாயிறு பூசை முடிந்து வரும்போது பிலோமினா அன்ரி கோயில் வாசலில் மறித்து, என்ன வேலை செய்கிறேன் என்று விசாரித்தார். உடைந்த சட்டி, துருப்பிடித்த ஆணி எல்லாவற்றையும் விவரமாகச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு என் கையைத் தடவினார். “அது சரி பிள்ளை, உண்மையான வேலை எப்ப கிடைக்கும் எண்டு சொன்னவங்கள்?”

பிஸ்கட் டின்

சிட்னியின் நார்த்மீட்டிலிருந்து மார்கரெட் என்ற எண்பது வயதுப் பெண்மணி ஒரு பழைய பிஸ்கட் டின்னை மடியில் வைத்துக்கொண்டு எங்கள் வரவேற்பறையில் உட்கார்ந்திருந்தார். கணவர் டெரிக் இங்கிலாந்தில் இருந்த காலத்தில், தன் அண்ணனின் வயலில் மெட்டல் டிடெக்டரோடு நடந்து பொறுக்கியவையாம். டெரிக் இறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. டின்னுக்குள் பதினொரு ஈயக் கட்டிகள், வெண்மை பூத்துக் கிடந்தன. ஒன்றின் தலையில் மட்டும் நகத்தளவு வெண்கலம் பதித்திருந்தது. அதில் பொன்முலாமும், ஒன்றையொன்று கடித்துக்கொண்டு பின்னிய மிருகங்களும் இருந்தன.

எங்கள் பொறுப்பாளர் கிரெக் வந்து எட்டிப் பார்த்தார். கிரேக்கச் சட்டிகளில் அவர் மகா கெட்டிக்காரர். அதில் எனக்கு வழக்கில்லை. டின்னுக்குள் கைகூட வைக்கவில்லை. மார்கரெட்டின் காதில் விழுகிற மாதிரியே சொன்னார்: “தூண்டில் ஈயம், றெஜினா. ஒன்றில் யாரோ பழைய பொத்தானை ஒட்டியிருக்கிறார்கள். படிவத்தில் அப்படியே எழுதித் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.”

மார்கரெட்டின் முகம் போன போக்கை நான் பார்த்தேன். “ஒரு கிழமை இங்கே இருக்கட்டும், நானே வீட்டில் கொண்டுவந்து தருகிறேன்” என்று டின்னை வாங்கி வைத்தேன்.

அனுபவமும் ஆராய்ச்சியும்

என் அப்பா மீன்பிடிகாரர். வலையில் கட்டுகிற ஈயத்தை வாய்க்குள் போட்டு அடிவாங்கிய பிள்ளை நான். கயிறு கோக்கத் துளையில்லாத, மடிப்பில்லாத, அடியைத் தட்டையாக்கி மேசையில் நிற்கவைத்த ஈயத்தை எந்தக் கடலிலும் எவரும் கட்டமாட்டார்கள். இதைக் கிரெக்கின் அறைக்கே போய்ச் சொன்னேன். துளை எங்கே என்று காட்டுங்கள் என்றேன்.

அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “உங்கள் குடும்ப அனுபவம் சுவாரசியமானது. ஆனால் அனுபவம் வேறு, ஆராய்ச்சி வேறு.”

தராசில் நின்றவன்

ஆராய்ச்சிதானே, செய்தால் போயிற்று. மதிய இடைவேளையில் டின்னைத் தூக்கிக்கொண்டு எதிர்க் கட்டடத்து வேதியியல் கூடத்துக்குப் போனேன். அங்கே நசீர் என்ற தொழில்நுட்பர் இருக்கிறார். காயல்பட்டினத்துக்காரர், வீட்டார் மூன்று தலைமுறையாக நகைக்கடை. நுண்தராசில் ஒவ்வொன்றாக நிறுத்தோம். இரண்டாவது கட்டி, ஆகச் சின்னதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. அடுத்தது நான்கு மடங்கு. ஈயம் அரித்ததில் கொஞ்சம் முன்னே பின்னே. இப்படிக் கணக்காக இரட்டித்துப் போகிறது எடைக்கல்தானே என்று நசீரைக் கேட்டேன்.

நசீர் ஒரு கட்டியைக் கவிழ்த்து, லென்ஸை வைத்துப் பார்த்தார். அடியில் கத்தியால் சீவிய தடங்கள் இருந்தன. கூடிப்போன எடையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சீவிக் குறைத்திருக்கிறார்கள். அவர் சந்தேகமே படவில்லை. “அக்கா, இது மீன் பிடிச்சவன் வேலை இல்ல. தராசு முன்னாடி நின்னவன் வேலை.”

படிவம்

பொருளைத் திருப்பிக் கொடுக்கும்போது ஒரு படிவம் உண்டு. அதில் ‘விவரம்’ என்று ஒரு கட்டம். “ஈய எடைக்கற்கள், பதினொன்று. இங்கிலாந்து. பின்னிய மிருகங்களைப் பார்த்தால், ஆயிரம் வருடத்துக்கு முந்திய ஆங்கிலோ-சாக்சன் காலமாக இருக்கலாம். பரிசோதிக்க வேண்டும்” என்று எழுதிக் கையெழுத்திட்டேன். கிரெக் அதைச் சிவப்பால் வெட்டி, ‘தூண்டில் ஈயம்’ என்று போட்டு, புதிதாக எழுதச் சொன்னார். நான் புதிய படிவத்தில் பழையதையே எழுதினேன். மறுபடி வெட்டினார். மறுபடி எழுதினேன். மூன்றாவதையும் வெட்டிவிட்டு என்னை அறைக்குக் கூப்பிட்டார்கள். வேலைக்கு எடுப்பதையும் நிறுத்துவதையும் பார்க்கிற ஆளணிப் பிரிவுப் பெண்ணும் இருந்தார். ஒப்பந்தம் முடிகிற மாதத்தை இரண்டு பேரும் மாறி மாறி ஞாபகப்படுத்தினார்கள்.

வீட்டுக்கடன் இருக்கிறது, மகள் பன்னிரண்டாம் வகுப்பு. ஆனாலும், “தூண்டில் ஈயம் என்றால் நீங்களே எழுதி, நீங்களே கையெழுத்து வையுங்கள். என் பெயருக்கு மேலே அது வராது” என்றேன். கிரெக் பேனாவை எடுத்தார். பிறகு மேசையில் வைத்தார். “விவரம் என்ற கட்டத்தைக் காலியாக விட்டுவிடுவோம்.”

நார்த்மீட் சமையலறை

சொன்னபடி சனிக்கிழமை டின்னைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். என் கருத்தையும் சொன்னேன், கிரெக்கின் கருத்தையும் சொன்னேன். மார்கரெட் எழுந்து போய் ஒரு நோட்டுக் கொப்பியை எடுத்துவந்தார். எந்தக் கட்டி வயலின் எந்த மூலையில், எந்த வேலியிலிருந்து எத்தனை அடியில் கிடைத்தது என்று டெரிக் பென்சிலால் வரைபடம் போட்டு வைத்திருந்தார். மார்கரெட்டின் அனுமதியோடு எல்லாவற்றையும் படம் எடுத்து, நிறையைக் குறித்து, இங்கிலாந்தில் இந்தக் காலத்தை ஆராய்கிற ஒரு பேராசிரியைக்கு என் சொந்தப் பெயரில் அனுப்பினேன்.

மூன்று கிழமை கழித்துப் பதில் வந்தது. எடைக்கற்கள்தான். நாணயத்தை எண்ணாமல், வெள்ளியை வெட்டி நிறுத்துக் கொடுத்த காலத்தவை. பின்னிய மிருகங்கள் இருக்கிற வெண்கலம், ஏதோ தேவாலயப் பொருளிலிருந்து வெட்டியெடுத்ததாக இருக்கலாமாம். ஆனால் அவர் துள்ளியது கட்டிகளைப் பார்த்தல்ல, வரைபடத்தைப் பார்த்து. அந்த வயலில் ஒரு வியாபார இடம் இருந்தது இதுவரை எவருக்கும் தெரியாதாம். தோண்டிப் பார்க்கப் போகிறார்களாம். நார்த்மீட்டுக்கு ஓடிப்போய் அதை வாசித்துக் காட்டினேன். மார்கரெட் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, டின்னை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். “அது ஒரு சந்தை, அது ஒரு சந்தை என்று சாகும்வரை சொன்னார். நான் சிரித்தேன்.”

எங்கள் அணி

பேராசிரியை எங்கள் துறைத் தலைவருக்கும் எழுதிவிட்டார். அடுத்த கிழமையே செய்திக்குறிப்பு தயாராகிவிட்டது. ‘அருங்காட்சியக நிபுணர்கள் அடையாளம் கண்டனர்’ என்று முதல் வரி. கிரெக்கின் பெரிய படம். மார்கரெட்டின் பெயர் இல்லை, டெரிக்கின் பெயர் இல்லை, நசீர் இல்லை. என்னைப் பற்றி ‘ஊழியர்கள்’ என்ற பன்மைக்குள் ஏதாவது இருந்திருக்கலாம்.

வெட்டின மூன்று படிவங்களையும் நான் எறியவில்லை. பட்டியல் உதவியாளர் எதையும் எறியமாட்டாள். மூன்றையும் பிரதி எடுத்து, நான்கு பேரின் பெயரையும் எழுதி இணைத்து, துறைத் தலைவருக்கு நேரில் கொண்டுபோய்க் கொடுத்தேன். செய்திக்குறிப்பு மாறியது. நான்கு பெயரும் வந்தன. மார்கரெட் கட்டிகளை அந்த வயலுக்குப் பக்கத்து ஊர் அருங்காட்சியகத்துக்கே கொடுத்துவிட்டார். எங்களுடையதற்கு ஒன்றுகூடத் தரவில்லை. பொதி கட்டியதும் நான்தான். டேப் ஒட்டிக்கொண்டிருந்தபோது கிரெக் வந்து நின்றார். “ஒரேயொரு கட்டியையாவது இங்கே விடச் சொல்லிப் பார்த்திருக்கலாமே, றெஜினா?”

கிரெக் மார்கரெட்டிடம் வருத்தம் தெரிவிக்க வேண்டும் என்று துறைத் தலைவரிடம் எழுத்தில் கேட்டேன். வருத்தம் வரவில்லை, பதிலுக்கு எனக்கு ஒரு வருட வேலை நீட்டிப்பு வந்தது. ஆக, அதையே திரும்பத் திரும்ப எழுதிக் கேட்க எனக்கு இன்னும் ஒரு முழு வருடம் இருக்கிறது.