ஜன்னல் திட்டில் வைத்த அரை பிளேடு

வெள்ளையடிக்கிறவர்களுக்கும் கண்ணாடிக்கும் என்ன பகையோ தெரியாது. சுவரில் ஒரு மூலையை விட்டாலும் விடுவார்கள், கண்ணாடியில் சுண்ணாம்பு தெறிக்காமல் போகமாட்டார்கள். ஆடிக் கிருத்திகைக்கு முன்னால் வருஷா வருஷம் அவர்கள் சத்திரத்துக்கு வெள்ளையடித்துவிட்டுப் போவதும், பின்னாலேயே நான் ஜன்னல் ஜன்னலாக ஏறி உட்கார்ந்து சுரண்டுவதும் வழக்கமாக இருந்தது. திருத்தணி அப்போது சித்தூர் ஜில்லாவில் இருந்தது. மலையடிவாரத்தில் மெட்ராஸ் வியாபாரி ஒருவர் கட்டிவைத்த சத்திரம் அது. குரங்குத் தொல்லைக்காக எல்லா ஜன்னலுக்கும் கண்ணாடி போட்டிருந்தார். மலைக்குரங்கு சோற்றுப் பானையைத் தூக்கிப் போகாமல் இருக்க நான் வருஷம் முழுக்கக் கண்ணாடி துடைத்தேன்.

வேலை பிடித்துத்தான் இருந்தது. கண்ணாடி பதில் பேசாது. என் வாய் பொல்லாத வாய். கல்யாணமாகி இரண்டாம் வருஷமே என் மனைவி நகரியில் இருந்த தாய்வீட்டுக்குப் போனாள், போனவள் போனவள்தான். அதற்குப் பிறகு மேனேஜர் ஏவுவதும் நான் "ஆங்" என்பதும் தவிர எனக்குப் பேச்சே கிடையாது. சாயங்காலம் என் அறைக்கு வந்து கதவைச் சாத்தினால், சாத்திய சத்தம் எனக்கே சங்கடமாக இருக்கும்.

சுரண்டுவதற்குச் சவர பிளேடுதான். சுற்றியிருக்கும் காகிதத்தைப் பிரிக்காமலே அதை நீளவாக்கில் மடக்கினால் சடக்கென்று இரண்டாக உடையும். ஒரு பாதியை மூங்கில் பிளாச்சின் வாயில் செருகிக் கம்பியால் இறுக்கிக் கட்டுவேன். மறு பாதி காகிதத்துக்குள்ளேயே இருக்கும். முனை மழுங்கினால் மாற்ற வேண்டும். மழுங்கின பிளேடு நல்ல பிளேடைவிட மோசம். அது சுண்ணாம்பை எடுக்காது, நாம் அழுத்துவோம், அழுத்தினால் வழுக்கும், வழுக்கினால் கட்டைவிரல்தான். என் இடது கட்டைவிரலைப் பார்த்தால் நான் வேலை கற்றுக்கொண்ட கதை முழுக்கத் தெரியும்.

கழற்றிய பாதியைப் போட ஒரு நெய் டப்பா வைத்திருந்தேன். மூடியை ஈயம் வைத்து அடைத்து, மேலே பிளேடு நுழையும் அளவுக்குக் கீறல் போட்டது. உள்ளே போனது வெளியே வராது. பழையது டப்பாவுக்குள் விழுந்த சத்தம் கேட்ட பிறகுதான் புதியதைக் காகிதத்திலிருந்து எடுப்பேன். இதில் நான் கறாராக இருந்ததற்குக் காரணம் உண்டு. ஜனம் படுக்கிற அந்தக் கூடத்துக்குள் செருப்போடு யாரும் வரமாட்டார்கள். காவடி எடுப்பவர்கள் ஊரிலிருந்தே வெறுங்காலோடு நடந்து வருவார்கள். கைக்குழந்தைகள் தரையில் தவழும்.

அந்த வருஷம் கிருத்திகைக்கு முந்தின நாள் காலை, தெருப்பக்கத்துக் கடைசி ஜன்னலில் இருந்தேன். முனை மழுங்கிவிட்டது. பாதியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தபோது, மேனேஜர் வாசலிலிருந்து கத்தினார்.

"ஏய்யா, ஜனம் வந்துட்டுது! கதவைத் தொறக்காம இன்னா பண்ணிகினு இருக்கிற?"

டப்பா எதிர் ஜன்னலடியில் இருந்தது. பிளேடை ஜன்னல் திட்டில் வைத்துவிட்டு இறங்கிப் போனேன். ஒரே நிமிஷம்தான். கதவின் தாழ்ப்பாளில் கை வைப்பதற்குள் பின்னால் தொப்பு தொப்பென்று சத்தம்.

நம் ஜனங்களை எனக்குத் தெரியாதா? கதவு திறக்கும்வரை யார் காத்திருப்பார்கள்? கண்ணாடிக் கதவு காயட்டும் என்று நான் திறந்துவைத்திருந்த அந்த ஜன்னல் வழியாகத் துண்டு துண்டாக வந்து விழுந்துகொண்டிருந்தது. சிவப்புத் துண்டு, காசித் துண்டு, மஞ்சளில் நனைத்த வேட்டி. துண்டு விழுந்த இடம் அவரவருக்குச் சொந்தம், கூடத்தில் படுக்கிற சட்டம் அது. ஓடிப்போய்ப் பார்த்தேன். ஜன்னல் திட்டு துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. பிளேடு இல்லை.

கதவைத் திறந்து குறுக்கே நின்றுகொண்டேன்.

"யாரும் உள்ள காலு வெக்கக் கூடாது. பிளேடு ஒண்ணு கீழ வுழுந்து கெடக்குது."

"பிளேடா? சத்திரத்துல இன்னாய்யா பிளேடு? மொட்டை அடிக்கிற எடம் மேலல்ல இருக்குது?" என்றான் ஒருவன். எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. ஒரு பெண் தன் பிள்ளையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு பின்வாங்கியதும் சிரிப்பு அடங்கியது. மேனேஜர் என்னைத் தனியே இழுத்து, விளக்கு வைப்பதற்குள் கூடம் திறக்காவிட்டால் நான் மூட்டை கட்டலாம் என்றார். பிறகு ஜனங்களைப் பார்த்து, குளத்தில் முழுகி மலையேறிச் சாமி பார்த்துவிட்டு வரச் சொன்னார். துண்டு போட்டாகிவிட்ட தைரியத்தில் எல்லோரும் போனார்கள்.

ஒருவர் மட்டும் போகவில்லை. நாற்பத்தைந்து வயது இருக்கலாம். மொட்டைத் தலையில் சந்தனம் காய்ந்திருந்தது. காலையிலேயே மலைக்குப் போய்விட்டு வந்தவர் போல. பொதட்டூர்பேட்டையில் தறி நெய்கிறவர் என்றார்.

"நூலு அறுந்தா தேடிகினே இருக்கிற கண்ணு நைனா இது. நானும் பாக்கட்டுமா?"

வேறு நாளாக இருந்தால் போய்யா என்றிருப்பேன். அன்றைக்கு வாய் வரவில்லை. முதலில் துண்டுகளை எடுக்கச் சொன்னேன். சுருட்டக் கூடாது, இரண்டு முனையைப் பிடித்துத் தூக்கி, ஜன்னல் வெளிச்சத்தில் மெதுவாக உதற வேண்டும். அவர் தன் துண்டிலிருந்து ஆரம்பித்தார். ஒவ்வொன்றாக உதறி வாசலில் போட்டோம். யாருடைய துண்டு எங்கே இருந்தது என்பது அதோடு போயிற்று. அதற்கு வேறு சாயங்காலம் ஒரு சண்டை இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு தரை. ஈரத்துணியைத் தரையோடு பரப்பி இழுத்தேன். கையால் தடவாதே என்று அவரைத் தடுத்தேன். அவர் கன்னத்தைத் தரைக்கு அருகே கொண்டுபோய், வெளிச்சம் வருகிற பக்கமாகப் பார்த்துக்கொண்டே நகர்ந்தார். நகரும்போது கேள்வி மேல் கேள்வி.

"கண்ணாடிய நனைச்சிட்டுத்தான் சுரண்டணுமா?"

"ஆங். சோப்புத் தண்ணி வெச்சி நல்லா ஊற வெச்சிடணும். காஞ்ச கண்ணாடியில வெச்சா கீறல் வுழுந்துடும்."

"முன்னயும் பின்னயும் இழுக்கலாமா?"

"கூடவே கூடாதுங்க. படுக்க வெச்சி முன்னால மட்டும் தள்ளணும். பின்னால இழுத்தா அடியில மாட்டின மண்ணு கோடு போட்டுடும். ஒரு தடவ தள்ளி எடுத்துட்டு, தொடச்சிட்டு, மறுபடி வெக்கணும்."

என் வேலையைப் பற்றி யாரும் என்னைக் கேட்டதில்லை. கேட்க என்ன இருக்கிறது என்றுதான் நானே நினைத்திருந்தேன். அன்றைக்குச் சொல்லச் சொல்ல வந்துகொண்டே இருந்தது. மழைநாளில் பிளேடு காகிதத்துக்குள்ளேயே துருப்பிடிப்பது, எண்ணெய் தொட்டுவைப்பது, துருப்பிடித்த முனை சொல்லாமல் உடைந்து கண்ணில் தெறிப்பது எல்லாம் சொன்னேன். மெட்ராஸ் வியாபாரியைத் திட்டினேன், குரங்குகளைத் திட்டினேன். நகரிக்குப் போனவளைப் பற்றிக்கூட ஒரு வார்த்தை சொல்லிவிட்டேன்.

அவரும் சொன்னார். போன தை மாசம் அவர் மனைவி இறந்துபோயிருந்தாள். தன் உடம்பு குணமானால் இவர் மொட்டை போடுவதாக அவள்தான் வேண்டிக்கொண்டாளாம்.

"கொணமாவல. ஆனா அவ சொன்னது சொன்னதுதான? அதான் வந்து குடுத்துட்டேன்."

நான் துணியைப் பிழிந்துகொண்டே இருந்தேன்.

"தாருக்கு நூலு சுத்திக் குடுக்கிறது அவதான். இப்ப நானே சுத்திகினு, நானே நெய்யறேன். சுத்துறப்போ தறி சும்மா கெடக்குது பாரு, அப்பத்தான் தாங்கல" என்றார்.

கூடத்தை ஒரு முறை முடித்து, இரண்டாம் முறையும் முடித்தோம். சுவர் ஓரம், தூணின் அடி, கதவு இடுக்கு எதிலும் இல்லை. குரங்கு எடுத்திருக்குமோ என்று வெளியே தெருவையும் பார்த்தேன். மலையிலிருந்து அரோகரா சத்தம் இறங்கி வரத் தொடங்கியது. ஜனம் திரும்புகிறது. கூடத்தைத் திறந்தால் எந்தக் குழந்தையின் காலோ, பூட்டினால் என் சோறு. நான் சாவியை எடுத்தேன்.

"பூட்டிடறேன்ணா. மேனேஜர் தொரத்தினா தொரத்தட்டும். நீங்க போயி வேற எடம் பாருங்க."

அவர் எழுந்திருக்கவில்லை. இடுப்பிலிருந்து சுருக்குப்பையை எடுத்து அவிழ்த்தார். மடித்த வெற்றிலை ஒன்றை எடுத்துத் தரையில் வைத்து விரித்தார். உள்ளே என் அரை பிளேடு, சுண்ணாம்புக் கறையோடு இருந்தது.

"என் துண்டுலதான் இருந்துச்சு. ஓரத்து நூலுல மாட்டிகினு."

காலையில் முதலில் உதறிய துண்டு. எனக்குத் தலைக்கேறியது. என்னை நாள் முழுக்க மண்டியிட வைத்தாயே என்று கத்தினேன். மேனேஜரைச் சொன்னேன், என் சோற்றைச் சொன்னேன், இன்னும் எழுதக்கூடாததெல்லாம் சொன்னேன். அவர் தலையைக் குனிந்தபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

"அப்பவே குடுத்திருந்தா நீ டப்பாவுல போட்டுட்டு உன் வேலையப் பாக்கப் போயிருப்ப நைனா. நானு துண்டு மேல குந்திகினு இருந்திருப்பேன். தப்புதான். கோச்சிக்காத."

திட்டுவதற்கு இன்னும் வார்த்தை இருந்தது. வாய் திறந்தால் அழுகை வரும் போலிருந்ததால் திறக்கவில்லை. வெற்றிலையோடு எடுத்துப் போய் டப்பாவின் கீறலில் பிளேடைத் தள்ளினேன். டங்கென்று விழுந்தது.

வாசலில் ஜனம் நெருக்கியது. துண்டுகளைக் காணோம் என்று சத்தம் ஆரம்பித்துவிட்டது. இவருக்காகச் சண்டை போட யாரும் இல்லை. குவியலில் இருந்து அவர் துண்டைத் தேடி எடுத்து, காற்று வருகிற அந்த ஜன்னலடியில் விரித்தேன். பிறகு என் அறைக்குப் போய், கொடியில் கிடந்த என் துண்டை எடுத்து வந்து, அதற்குப் பக்கத்தில் போட்டேன்.