நெட்டையம்மா பறித்த காபி

வண்டிக்காரரின் நெஞ்சில் பதினாலு வருஷமாக ஒரு மூட்டை கிடக்கிறது. ஏற்றி வைத்தவர் அவருடைய அண்ணி. அண்ணி போய்ச் சேர்ந்து ஏழு மாதம் ஆகிறது, மூட்டை இன்னும் இறங்கவில்லை.

அன்றைக்குத்தான் அவர் சொந்தமாக வண்டி வாங்கியிருந்தார். முதல் சவாரியே அண்ணியின் கடைக்கு. அண்ணி காபிக்கொட்டை வறுத்து அரைத்து விற்கிறவர். மலையிலிருந்து ஒரு மூட்டை பச்சைக் கொட்டையை எடுத்துவந்து, மாப்பிள்ளை மாதிரி நிமிர்ந்துகொண்டு கடை வாசலில் இறக்கினார். கடையில் எட்டுப் பேர் நின்றிருந்தார்கள். அண்ணி மூட்டையின் வாயைப் பிரித்து ஒரு பிடி அள்ளினார். முகர்ந்தார். ரெண்டு கொட்டையைக் கடித்துப் பார்த்தார். குறை ஒன்றும் அகப்படவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது. அப்புறம் கேட்டார்.

"யாரு தம்பி பறிச்சது?"

"செடியிலேர்ந்து பறிச்சதுதான் அண்ணி."

"பின்ன ஆகாசத்துலேர்ந்தா பறிப்பாங்க? பறிச்ச ஆளு யாருன்னு கேக்குறேன். கூலி அவங்க கைக்குப் போச்சா? பள்ளிக்கூடம் போற பிள்ளைங்களை வேலைக்கு இறக்குறாங்களா? நிழல் மரத்தை விட்டு வச்சிருக்காங்களா, எல்லாத்தையும் வெட்டி விறகாக்கிட்டாங்களா?"

"இதையெல்லாம் யாரு அண்ணி கேப்பா?"

"நான் கேக்குறேன்ல. போய்க் கேட்டுட்டு வா. மூட்டையையும் எடுத்துட்டுப் போ."

எட்டுப் பேரும் சிரித்தார்கள். அதில் ஒருவர் பல் வைத்தியர். தொழிலுக்கு விளம்பரம் மாதிரி முப்பத்திரண்டும் தெரியச் சிரித்தார். மலைக்கு நாற்பது கொண்டை ஊசி வளைவு. மூட்டையோடு இறங்கி வந்தவர் அன்றைக்கே மூட்டையோடு ஏறினார். ஒவ்வொரு வளைவிலும் அண்ணியை ஒரு தடவை திட்டினார். நாற்பதும் போதவில்லை.

அண்ணி அந்த வீட்டுக்கு வாழ வந்தபோது வண்டிக்காரருக்குப் பன்னிரண்டு வயசு. அஞ்சாம் வகுப்போடு படிப்புக்குக் கும்பிடு போட்டுவிட்டு ஊர் சுற்றிக்கொண்டிருந்தார். சட்டைக்குப் பட்டன் தைத்துவிட்டதும் அண்ணிதான், சட்டையைப் பிடித்து இழுத்துவந்து சோறு போட்டதும் அண்ணிதான். அதனால் எதிர்த்துப் பேச வாய் வராது. வந்தாலும் பாதியில் நின்றுவிடும்.

கடை என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. ரயில் பெட்டி மாதிரி நீளமான ஒரே அறை. பின்னால் வறுக்கிற உருளை, நடுவில் அரைக்கிற மெஷின், முன்னால் தராசு, தராசுக்குப் பின்னால் அண்ணன். அண்ணன் ஒரு நாளைக்கு நாலு தடவை "ம்" சொல்வார். அதிலே ரெண்டு தராசைப் பார்த்துச் சொல்வது. மீதி அத்தனை பேச்சும் அண்ணியுடையது.

கொட்டை வறுக்கும்போது மட்டும் அண்ணியும் பேசமாட்டார். உருளைக்குப் பக்கத்தில் தலையைச் சாய்த்துக்கொண்டு, கொட்டை வெடிக்கிற சத்தத்தைக் கேட்டபடி நிற்பார். அந்த நேரத்தில் யார் வாயைத் திறந்தாலும் முறைப்பார். மறுபடி திறந்தால் கரண்டி பறக்கும். சிக்கரி வேண்டும் என்று கேட்டால் தாராளமாகப் போட்டுத் தருவார். ஆனால் எத்தனை பங்கு சிக்கரி, எத்தனை பங்கு காபி என்று ஒரு சீட்டில் கொட்டை எழுத்தில் எழுதி டப்பாவின் நெற்றியில் ஒட்டிவிடுவார். "கொஞ்சம் சின்னதா எழுதக்கூடாதாம்மா, வீட்டுக்கு விருந்தாளி வருவாங்க" என்று கெஞ்சியவர்கள் உண்டு. "விருந்தாளிக்கும் தெரியட்டுமே, அவங்க என்ன குடிக்கிறாங்கன்னு" என்பார் அண்ணி.

டப்பா என்று சொன்னேனே, அது வாங்குகிறவர்களே கொண்டுவர வேண்டியது. பை கிடையாது, காகிதம் கிடையாது. வெறுங்கையோடு வந்தால் வெறுங்கையோடு போகலாம். ஒருநாள் ஒருவர் அவசரத்தில் டப்பாவை மறந்துவிட்டு, தலையில் இருந்த ஹெல்மெட்டைக் கழற்றி நீட்டினார். அண்ணி உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, "தலைக்கு எண்ணெய் வச்சிருக்கீங்களே, காபியில மிதக்குமே" என்று திருப்பிக் கொடுத்தார். அவர் வீட்டுக்குப் போய்க் குக்கரைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

இப்படிப்பட்டவரிடம் வண்டிக்காரர் மாட்டிக்கொண்டார். அந்த முதல் மூட்டைக்குப் பிறகு ஒவ்வொரு மூட்டையோடும் ஒரு சீட்டு வரவேண்டும் என்பது சட்டம். எந்தத் தோட்டம், நிழல் மரம் உண்டா, கூலி கைக்குப் போனதா, பறித்தது யார். சீட்டில் இருக்கும் பேரை அண்ணி கடை வாசல் பலகையில் எழுதிப் போடுவார். வண்டிக்காரர் தோட்டத்து மேஸ்திரியிடம் கேட்பார். மேஸ்திரி திரும்பிப் பார்த்து, யார் கண்ணில் படுகிறார்களோ அவர்கள் பேரைச் சொல்வார். பதினோரு வருஷம் வண்டி இப்படியே ஓடியது.

அப்புறம் ஒரு மழை நாள். மேஸ்திரிக்குக் காய்ச்சல். வண்டிக்காரர் மூட்டையை ஏற்றிக்கொண்டு இறங்கிவிட்டார். கடை வாசலில் வண்டியை நிறுத்தும்போதுதான் சீட்டில் பறித்தவர் பேர் எழுதும் இடம் காலியாக இருப்பதைப் பார்த்தார். உள்ளே பத்துப் பேர் நிற்கிறார்கள். திரும்பவும் நாற்பது வளைவு ஏற உடம்பிலும் தெம்பில்லை, வண்டியிலும் டீசல் இல்லை. பேனாவை எடுத்தார். "நெட்டையம்மா" என்று எழுதினார்.

அண்ணி சீட்டைப் படித்தார்.

"இது யாரு, புதுசா இருக்கு?"

"புதுசுதான் அண்ணி."

"ரொம்ப நெட்டையோ?"

"நம்ம கடைக் கதவு உயரம் இருக்கும்."

"அவ்வளவு உயரமா இருந்தா குனிஞ்சு நிமிர்ந்து முழங்கால் வலிக்குமே."

"வலிக்கும் அண்ணி."

இந்த ஒரு வார்த்தைதான் அவரைக் கவிழ்த்தது. அடுத்த சவாரிக்கு முழங்கால் தைலம் ஒரு பாட்டில் வந்தது. அதற்கடுத்து முழங்காலுக்கு மாட்டும் உறை. மழைக்காலத்துக்கு ரப்பர் செருப்பு. "கால் அளவு என்ன?" என்று கேட்டார் அண்ணி. "பெரிசு" என்றார் வண்டிக்காரர். கடைசியில் அண்ணி தன் கையாலேயே ஒரு ஸ்வெட்டர் பின்னினார். கதவில் அளவு பார்த்துப் பின்னினார். அதன் கை, சாதாரண ஆளுக்கு முழங்கால் வரை தொங்கும்.

கடைக்கு வருகிறவர்களும் சும்மா இருக்கவில்லை. ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர், "நெட்டையம்மா பறிச்சது இருந்தா குடுங்க, இல்லாட்டி அப்புறம் வரேன். அவங்க கை பட்டதுன்னா ஃபில்டர்ல டிகாஷன் தேன் மாதிரி இறங்குது" என்று அடம் பிடித்தார். வேறு வழி இல்லாமல் மூன்று வருஷமாக வண்டிக்காரர் எல்லா மூட்டையிலும் அவள் பேரையே எழுதினார்.

வந்த பொருளையெல்லாம் அவர் வீட்டுப் பரணில் போட்டார். ஒருநாள் அவர் வீட்டுக்காரம்மா பரணைச் சுத்தம் செய்யப் போய், ஸ்வெட்டரை விரித்துப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கினார்.

"யாருங்க இந்த நெட்டச்சி?"

"அப்படி ஒரு ஆளே இல்ல."

"ஆள் இல்லாமலா கை இவ்வளவு நீளமா இருக்கு?"

உண்மையைச் சொல்லி முடிக்க ராத்திரி சோறு ஆறிவிட்டது. அந்த அம்மா கேட்டுவிட்டு, "என்னைக்காவது அண்ணிக்குத் தெரியட்டும், அப்ப திருப்பி அனுப்பப்போறது மூட்டையை இல்ல, உங்களை" என்று சொல்லி, தைலத்தை மட்டும் தன் முழங்காலுக்கு எடுத்துக்கொண்டார்.

அந்த நாளும் வந்தது. வறுக்கிற புகை அண்ணியின் நெஞ்சில் அடைத்துக்கொண்டது. இந்த அறுவடையோடு உருளைப் பக்கமே போகக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"அதுக்கு முன்னாடி ஒரு தடவை நெட்டையம்மாவைப் பாக்கணும்" என்றார் அண்ணி. "அவங்க பறிச்ச காபியை அவங்களுக்கே ஃபில்டர்ல போட்டுக் குடுக்கணும். இத்தனை வருஷம் பறிச்சவங்க ஒரு வாய் குடிச்சிருக்க மாட்டாங்க."

"உங்களுக்குத்தான் மலை வளைவுல வாந்தி வருமே அண்ணி." அந்த வாந்தியால்தான் அண்ணி ஆயுசில் ஒரு தடவைகூட மலை ஏறியதில்லை.

"வந்தா எடுத்துட்டுப் போறேன்."

வண்டிக்காரர் சந்துக்குள் ஓடி மேஸ்திரிக்குப் போன் போட்டார். "ஒரு நெட்டை ஆளைத் தயார் பண்ணி வையி!"

"நெட்டையா? இங்க காத்து அடிக்கிற அடிக்கு எல்லாம் குட்டையாத்தான் வளந்திருக்கு. செடியும் அப்படித்தான், ஜனமும் அப்படித்தான்."

"இருக்கிறதுல நெட்டையைப் பாருய்யா! முழங்கால் வலி, அண்ணி குடுத்த தைலம், எல்லாத்தையும் சொல்லிக் குடு!"

அண்ணி ஏழாவது வளைவில் ஒரு தடவை, பதினாறில் ஒரு தடவை, முப்பத்தி ரெண்டில் ஒரு தடவை வண்டியை நிறுத்தச் சொன்னார். மடியில் ஃபில்டர், காலடியில் பால் பாத்திரம், கையில் ஸ்வெட்டர். ஸ்வெட்டர் இன்னும் வண்டிக்காரர் வீட்டிலேயே கிடப்பது தெரிந்து அதையும் வாங்கி வைத்திருந்தார், ஏன் இன்னும் கொடுக்கவில்லை என்று ரெண்டு தடவை கேட்டும் ஆயிற்று. "குளிர்காலம் வரட்டும்னு வச்சிருந்தேன்" என்று வண்டிக்காரர் மென்று முழுங்கினார்.

கொட்டை காயப்போடும் களத்தில் ஒரு அம்மா நின்றிருந்தார். மேஸ்திரி அவரை ஒரு கல்லின் மேல் ஏற்றி நிறுத்தியிருந்தார். கல்லையும் சேர்த்து அளந்தால் அண்ணியின் தோள் வரை வந்தார்.

"நீங்கதான் நெட்டையம்மாவா?" என்றார் அண்ணி.

"சின்ன வயசுல இன்னும் நெட்டையா இருந்தேம்மா. வேலை செஞ்சு செஞ்சு இறங்கிட்டேன்."

மேஸ்திரி இருமினார். அண்ணி அந்த அம்மாவின் தோளில் ஸ்வெட்டரைப் போர்த்தினார். கை ரெண்டும் தரையைத் தொட்டன. குட்டையம்மாவுக்கு உற்சாகம் பிய்த்துக்கொண்டு போனது. முழங்கால் வலியைப் பற்றி ஒரு கதை, தைலம் தடவியதும் வலி பறந்த கதை, அண்ணி பேரைச் சொல்லித் தினமும் தூங்கப்போகும் கதை. சரம் சரமாக அவிழ்த்துவிட்டார். கேட்டுக்கொண்டிருந்த அண்ணியின் கண்ணில் தண்ணீர் நின்றது.

முப்பது வருஷத்துக்கு மேல் அண்ணியைப் பார்க்கிறார் வண்டிக்காரர். புகையில்கூட அந்தக் கண் கலங்கிப் பார்த்ததில்லை.

"அண்ணி, அந்தம்மா இல்ல."

"எந்தம்மா?"

"நெட்டையம்மா. அப்படி ஒரு ஆளே கிடையாது. நான் எழுதின பேரு அது."

களத்தில் கொட்டை கிளறிக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் நிறுத்திவிட்டார்கள். குட்டையம்மா மெதுவாகக் கல்லைவிட்டு இறங்கினார். ஸ்வெட்டரைக் கழற்றவில்லை.

"அப்போ அந்த மூட்டையெல்லாம் யாரு பறிச்சது?" என்றார் அண்ணி. குரல் அடங்கியிருந்தது. வண்டிக்காரருக்குக் கரண்டி பறந்திருந்தால் தேவலை என்று இருந்தது.

"நாங்கதாம்மா" என்றார் குட்டையம்மா. "ஒரு மூட்டைக் கொட்டைக்கு ஆறு மூட்டைப் பழம் வேணும். ஒருத்தி ஒரு நாளைக்கு ஒரு மூட்டைப் பழம் பறிச்சாலே பெரிசு. எல்லார் பழத்தையும் ஒரே தொட்டியில கொட்டி, தோல் உரிச்சு, ஒரே களத்துல காயப் போடுறோம். இதுல எது யாரு பறிச்சதுன்னு கொட்டையைக் கேட்டாத்தான் உண்டு. ஒரு மூட்டைக்கு ஒரு பேருன்னு உங்களுக்கு யாரு சொன்னது?"

அண்ணி களத்து ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார்.

"அப்போ இத்தனை வருஷமா நான் கேட்டதே தப்பா?"

"கேட்டது சரிதாம்மா. ஒருத்தியோட நிறுத்திட்டீங்க. நாங்க இருபத்தி மூணு பேரு இருக்கோம், ஸ்வெட்டர் ஒண்ணுதான் வந்திருக்கு."

வண்டிக்காரருக்குச் சட்டென்று ஒரு தைரியம் வந்தது. "அப்போ அன்னைக்கு என் முதல் மூட்டையைத் திருப்பி அனுப்பினது, அதுவும் தப்புதானே அண்ணி?"

"அது தப்பில்ல. அன்னைக்கு நீ யாரையுமே கேக்கலையே."

அதோடு அந்த வழக்கு தள்ளுபடி. இன்றுவரை அவருக்கு அது ஆறவில்லை.

அண்ணி ஃபில்டரில் வெந்நீர் ஊற்றி டிகாஷன் இறக்கி, இருபத்தி மூன்று பேருக்கும் பங்கு வைத்தார். ஆளுக்கு ரெண்டு மடக்குதான் கிடைத்தது. ஒருத்தி முகத்தைச் சுளித்து, "இந்தக் கசப்புக்குத்தானா இவ்வளவு பாடு?" என்றாள். அண்ணி அவள் பேரை முதலில் எழுதிக்கொண்டார். இறங்கி வந்ததும் பலகையில் நெட்டையம்மாவை அழித்துவிட்டு, இருபத்தி மூன்று பேரையும் எழுதினார். பலகை போதாமல் கடைசி நாலு பேர் கதவுக்குப் போனார்கள்.

ஆனால் ஜனங்கள் விட்டால்தானே? "நெட்டையம்மா எங்க? உடம்பு சரியில்லையா? வேலையை விட்டு நிறுத்திட்டீங்களா?" என்று தபால்காரர் சண்டைக்கே வந்துவிட்டார். "என் கொழுந்தனைக் கேளுங்க" என்பார் அண்ணி. கொழுந்தன் அந்த நேரத்தில் வண்டிக்கு அடியில் படுத்து எதையாவது முடுக்கிக்கொண்டிருப்பார். ரெண்டு மாதத்தில் அந்த வண்டியில் முடுக்க ஒரு திருகாணி பாக்கி இல்லை.

அண்ணியை ஆஸ்பத்திரியில் சேர்த்த நாலாம் நாள் வண்டிக்காரர் பார்க்கப் போனார். மூக்கில் குழாய். பேசினால் மூச்சு வாங்கியது. பேசாமல் இருந்தால் அதைவிட அதிகமாக வாங்கும்போல இருந்தது.

"ஜனங்ககிட்ட சொல்லிட்டியா?"

வண்டிக்காரர் ஜன்னலைப் பார்த்தார். "செத்துப்போச்சுன்னு சொல்லிடட்டுமா அண்ணி? ஒரு நாள் வருத்தப்பட்டுட்டு விட்டுடுவாங்க."

"பிறக்காத பொம்பளையைக் கொல்றதுக்கு நீ யாரு?"

"கல்யாணம் கட்டி வெளியூர் போயிடுச்சுன்னு..."

"அந்த முழங்காலை வச்சுக்கிட்டா?"

சிரிப்பில் இருமல் வந்தது, இருமலில் நர்ஸ் வந்தார். "பேசக்கூடாதுன்னு சொல்லியிருக்கேன்ல?" என்று வண்டிக்காரரைத்தான் அதட்டினார். அவர் போகிறவரை அண்ணி கண்ணை மூடிக்கொண்டு தூங்குகிற மாதிரி கிடந்தார். அப்புறம் ஒரு கண்ணைத் திறந்து, வண்டிக்காரரைக் கிட்டே வரச் சொன்னார்.

"நாளைக்குக் காலையில கடை திறக்கிறப்போ வாசல்ல நில்லு. டப்பாவைத் தூக்கிட்டு வர்ற ஒவ்வொருத்தர்கிட்டயும் உன் வாயாலயே சொல்லு, அந்தப் பேரை எழுதினது நான்தான்னு. சிரிப்பாங்க. சிரிச்சு முடிக்கிறவரைக்கும் இரு. அப்புறம் பலகையில இருக்கிற இருபத்தி மூணு பேரையும் படிச்சுக் காட்டு. தபால்காரருக்குக் காது மந்தம், அவருக்கு மட்டும் ரெண்டு தடவை படி. வண்டிக்குள்ள உக்காந்துக்கிட்டுச் சொல்லாத தம்பி, இறங்கி நின்னு சொல்லு."