சுகந்தி ரீச்சர் பார்க்காத கடல்

ஆசிரியத் தொழிலில் பாதி படிப்பிப்பது, மீதிப் பாதி யார் யாரைப் பார்த்து எழுதினார்கள் என்று கண்டுபிடிப்பது. கொப்பிக் கட்டை வீட்டுக்குச் சுமந்துபோய், உலை கொதிக்கிற நேரத்தில் திருத்துகிற உங்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை. நான் புவியியல் ரீச்சர். வார நாட்களில் பொலிஸ்காரி வேலை பார்த்துவிட்டு, சனி ஞாயிறில் நானே டிப்ளோமா வகுப்புக்கு மாணவியாகப் போய்வந்த காலத்தில் நடந்தவற்றைச் சொல்கிறேன். உங்களில் சிலருக்கும் இப்படி ஒன்று வாய்த்திருக்கும். வாய்க்காதவர்கள் கோயிலில் ஒரு கற்பூரம் கொளுத்துங்கள்.

பெயரில்லாத தீவு

குடாநாட்டின் படத்தை வரைந்து, தீவுகளைக் குறித்துக்கொண்டு வரும்படி ஒன்பதாம் வகுப்புக்குச் சொல்லியிருந்தேன். ஒரு பிள்ளையின் படத்தில் நெடுந்தீவுக்கு மேற்கே புதிதாக ஒரு தீவு கிடந்தது. கிட்டப் பிடித்துப் பார்த்தால் வடை எண்ணெய். அதோடு போயிருந்தால் பரவாயில்லை. அந்த வாங்கில் இருந்த மற்றப் பிள்ளைகளின் படங்களிலும் அதே இடத்தில், அதே வடிவில், அந்தத் தீவு இருந்தது. கரையைச் சுற்றி நீலம் வேறு தீட்டியிருந்தார்கள்.

கடைசியாக இருந்தவளை எழுப்பி இது என்ன தீவு என்று கேட்டேன். அவள் கொஞ்சமும் பதறாமல் என் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்: “தெரியாது மிஸ். அதுதான் பேர் போடாமல் விட்டனான்.”

பின்வாங்கு ரீச்சர்மார்

பிள்ளைகள் என்றால் தண்டனை சுலபம். ‘திரும்ப வரைஞ்சு கொண்டு வா’ என்று சொன்னால் முடிந்தது. எங்கள் டிப்ளோமா வகுப்பில் இருந்த எல்லோருமே ரீச்சர்மாரும் சேர்மாரும். கிழமை முழுக்க ‘கதைக்காதேங்கோ’ என்று மேசையில் தட்டுகிற நாங்கள், விரிவுரையாளர் பலகைப் பக்கம் திரும்பியதும் கதைக்கத் தொடங்குவோம். ஒப்படை கொடுக்கிற நாளில் யாருக்காவது வயிற்றுக்குத்து வரும்.

அங்கேதான் சுகந்தி ரீச்சர் எனக்குச் சிநேகிதியானார். மருதனார்மடத்தில் வெங்காயம் செய்கிற குடும்பம். பள்ளிக்கூடமோ வன்னியில், உள்ளுக்கு. திங்கள் விடிய முன்னர் பஸ் ஏறினால் வெள்ளி பொழுதுபட்டுத்தான் வீடு. சின்ன மகள் தகப்பனோடு வளர்கிறாள். இந்த டிப்ளோமா முடிந்தால்தான் வீட்டுப் பக்கம், வலிகாமத்துக்கு மாற்றம் கிடைக்கும் என்று அலுவலகத்தில் சொல்லியிருந்தார்கள். அந்த மாற்றத்துக்காகத்தான் பிள்ளையோடு இருக்கவேண்டிய சனி ஞாயிறையும் வகுப்புக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார். எனக்குக் கொம்பியூட்டரில் தமிழ் அடிக்க வராது. என் ஒப்படைகள் எல்லாவற்றையும் அவர்தான் அடித்துத் தந்தார், ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. ஒருமுறை அடித்துக்கொண்டிருக்கும்போதே தலையை நிமிர்த்தாமல் சொன்னார்: “வெள்ளிக்கிழமை நான் வீட்டுக்குள்ளை கால் வைச்ச உடனை பிள்ளை கேக்கிற முதல் கேள்வி, ‘அம்மா, எப்ப போறியள்?’”

நன்றியுரை

கடைசியாக ஒரு கள ஆய்வு செய்யவேண்டும். ஆளுக்கொரு ஊரை எடுத்து, அங்கே போய், அந்த ஊர்த் தொழிலைப் பற்றி எழுதவேண்டும். ஒருவர் எடுத்த ஊரை இன்னொருவர் எடுக்க முடியாது. எழுதி முடித்ததை வகுப்பில் ஒருவர் வாசித்து, ‘இது இவருடைய சொந்த ஆய்வு’ என்று கையெழுத்துப் போட்ட பிறகுதான் ஒப்படைக்கலாம். சுகந்தி ரீச்சருடையதை நான் வாசிப்பது, என்னுடையதை அவர் வாசிப்பது என்று பேசிக்கொண்டோம். அவர் எடுத்த ஊர் மயிலிட்டி.

மயிலிட்டி என் ஊர். அப்பா, அண்ணை எல்லோரும் கடல்தொழில். சண்டையில் ஊரைவிட்டு வெளிக்கிட்டு, திரும்பிப் போக முடியாமல், தெல்லிப்பழையில் வாடகை வீட்டில் வளர்ந்தவள் நான். ஊரை விட்ட பிறகு அண்ணை திரும்பிப் போய்விட்டார், நான் இன்றைக்கும் தெல்லிப்பழையில்தான் இருக்கிறேன். அதனால் ஊர் கேட்கிறவர்களிடம் தெல்லிப்பழை என்று சொல்லிவிடுவேன். மயிலிட்டி என்றால் அடுத்த கேள்வி அப்பா என்ன தொழில் என்று வரும். அதற்குப் பதில் சொன்ன பிறகு ஒன்றும் கேட்கமாட்டார்கள், அதுதான் எனக்குப் பிடிக்காது. ஆனால் சுகந்தி ரீச்சர் என் ஊரை எடுத்ததில் எனக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோசம். வாசித்து முடித்துவிட்டு, ‘நான் அந்த ஊர்ப் பிள்ளைதான்’ என்று சொல்லி ஆளைத் திகைக்க வைக்கலாம் என்று இருந்தேன்.

திகைத்தது நான். ‘மயிலிட்டி மீனவர்கள் அதிகாலையில் இடுப்பளவு நீரில் நடந்து சென்று, தடி நட்டுக் கட்டிய வலைகளில் விழுந்த இறால்களைச் சேகரிக்கின்றனர்’ என்று எழுதியிருந்தது. இது ஆழமில்லாத பரவைக்கடல் தொழில். எங்கள் பக்கம் அப்படியில்லை. வள்ளம் துறைமுகத்தை விட்டு வெளிக்கிட்டால் பெருங்கடல். அதில் தடி நட வேண்டுமென்றால் பனைக்கு மேல் பனையை நிறுத்தவேண்டும். யாரோ பரவைக்கடல் ஊரொன்றைப் பற்றி எழுதியதில் சுகந்தி ரீச்சர் ஊரின் பெயரை மட்டும் மாற்றியிருந்தார். கடைசிப் பக்கத்தில், தன்னை வள்ளத்தில் ஏற்றிக்கொண்டுபோய்க் காட்டிய மயிலிட்டிச் சகோதரர்களுக்கு மனமார்ந்த நன்றி. அந்த நன்றியைப் படித்தபோது வந்த கோபம் இறாலைப் படித்தபோது வரவில்லை. ஊருக்குப் போய் அண்ணையிடம் அந்தப் பக்கத்தை வாசித்துக் காட்டினேன். அண்ணை வலையைத் தைப்பதை நிறுத்தவில்லை. “உவ எந்த மயிலிட்டியிலை இறங்கினவ?” என்றார்.

கோயில் வாசலில்

அந்தச் சனிக்கிழமை வகுப்பு முடிய, மருதனார்மடம் ஆஞ்சநேயர் கோயிலடியில் சுகந்தி ரீச்சரைப் பிடித்தேன். மகள் கொஞ்சம் தள்ளி நின்று கச்சான் கடலை கொறித்துக்கொண்டிருந்தாள். ரீச்சர் மழுப்பவில்லை. முந்தைய வருடம் படித்த ஒருவருடைய ஆய்வு என்று உடனேயே ஒத்துக்கொண்டார். “ரெண்டு நாள்தான் நான் இஞ்சை. அதையும் வகுப்பு தின்னுது. நான் எப்ப போய் ஆய்வு செய்யிறது?” என்றார். பஸ்ஸில் அரை மணித்தியாலம்தானே, ஒரு பின்னேரம் போயிருக்கலாமே என்றேன். அதற்கு அவர், “அங்கை எனக்கு ஆரைத் தெரியும்? எங்கடை வீட்டிலை ஒருத்தரும் அந்தப் பக்கம் போறேல்லை” என்றார்.

அப்போதுதான் நான் மயிலிட்டி என்று சொன்னேன். அவருடைய முகம் போன போக்கைப் பார்க்க எனக்கே ஒருமாதிரியாகிவிட்டது. “நீர் தெல்லிப்பழை எண்டெல்லோ சொன்னனீர்!” என்றார், நான்தான் அவரை ஏமாற்றிவிட்டதுபோல. விரிவுரையாளரிடம் நீங்களே உண்மையைச் சொல்லித் தவணை கேளுங்கள், நான் ஊருக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன் என்றேன். தவணை கேட்டால் அடுத்த தொகுதியோடுதான் முடிக்கலாம், இன்னும் ஒரு வருடம் வன்னி. அது இரண்டு பேருக்கும் தெரியும். அவர் மகளைக் கையில் பிடித்துக்கொண்டு சொன்னார்: “நீர் கையெழுத்துப் போடாட்டில் வேறை ஆரும் போடுவினம். நீர் சும்மா இருந்தாக் காணும்.”

ஓய்வறைத் தீர்ப்பு

சும்மா இருப்பது எவ்வளவு கஷ்டமான வேலை என்று அந்தக் கிழமைதான் கண்டேன். உண்மையாகவே களவுக்காகத்தான் கோபமா, என் ஊர் என்பதாலா? அவர் பெயர் மாற்றியது ஒரு வெங்காய ஊருக்கு என்றால் எனக்குப் பிடிபட்டே இருக்காது. பிடிபட்டிருந்தாலும் சிரித்துக்கொண்டு கையெழுத்துப் போட்டிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். என் ஒப்படைகளை அடித்த அந்த விரல்கள் ஒரு பக்கம், கச்சான் கொறித்த பிள்ளை ஒரு பக்கம். மற்றப் பக்கத்தில் அந்த ஆய்வு நூலகத்தில் போய் இருக்கும், அடுத்து வருகிறவர்கள் அதைப் பார்த்து எழுதுவார்கள். நாங்கள் இல்லாத காலத்தில் எங்கள் வீடுகளில் வேறு ஆட்கள் இருந்தார்கள். இப்போது திரும்பி வந்த பிறகும், எங்கள் பெயரைப் போட்டு உள்ளே வேறு யாரையோ குடிவைத்தது போல இருந்தது எனக்கு. அழுகையும் வந்தது.

பெயர் சொல்லாமல், ஓய்வறையில் கணித சேரிடம் யோசனை கேட்டேன். பெரிய அனுபவசாலி. பிளேன்ரீயை ஒரு வாய் குடித்துவிட்டுச் சொன்னார்: “பார்த்தெழுதினது பிள்ளையெண்டால் பிடியுங்கோ. ரீச்சரெண்டால் விடுங்கோ.”

தெரிந்துகொண்ட விரிவுரையாளர்

கணித சேர் சொன்ன அந்த வசனம்தான் என்னை எழுப்பிவிட்டது. திங்கட்கிழமை நான் எந்த முகத்தோடு பிள்ளைகளைப் பிடிப்பது? சுகந்தி ரீச்சருக்குப் போன் எடுத்து, ஞாயிற்றுக்கிழமை நான் சொல்லப்போகிறேன், அதற்கு முதல் நீங்கள் சொன்னால் நல்லது என்றேன். அவர் போனை வைத்துவிட்டார். சொல்லவுமில்லை. ஆகவே நான் சொன்னேன். விரிவுரையாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், திரும்பப் போட்டார். “ரீச்சர், காலமை வரைக்கும் எனக்கு ஒண்டும் தெரியாது. இனித் தெரியாத மாதிரி இருக்கேலாது” என்றார்.

மத்தியானச் சாப்பாடு

சுகந்தி ரீச்சர் புதிதாக ஆய்வு செய்து அடுத்த தொகுதியோடு ஒப்படைக்க வேண்டும் என்று முடிவாயிற்று. யார் சொன்னது என்பது பின்னேரத்துக்குள் வகுப்பு முழுக்கத் தெரிந்துவிட்டது. மிச்ச நாட்களில் என் சாப்பாட்டுப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒருவரும் பெட்டி திறக்கவில்லை. இதில் எனக்கு மிகவும் சுட்டது என்னவென்றால், என்னுடைய ஆய்வை அவர் முன்பே வாசித்து, எழுத்துப்பிழைகளைத் திருத்தி, கையெழுத்தும் போட்டுத் தந்திருந்தார். அந்தக் கையெழுத்தோடுதான் நான் சித்தியடைந்தேன். பெறுபேறு வந்த அன்று, முன்வாங்கில் இருக்கும் ரீச்சர் ஒருவர் என்னைக் கடந்து போகும்போது கேட்டார்: “உமக்கு டிப்ளோமா கிடைச்சிட்டுது. இப்ப சந்தோசமே?”

துறைமுகத்தில்

பள்ளிக்கூட விடுமுறை. நான் அண்ணை வீட்டில் நின்றேன். அண்ணைக்குத் தேநீர் கொண்டு துறைமுகத்துக்குப் போனால், குடையும் தண்ணீர்ப் போத்தலுமாகச் சுகந்தி ரீச்சர் நிற்கிறார். பிள்ளையோடு இருக்கிற நாளை விட மனமில்லாமல் மகளையும் கூட்டி வந்திருந்தார். என்னைத் தேடி வரவில்லை. அங்கே நின்றவர்களிடம் விசாரித்து, தானாகவே அண்ணையைப் பிடித்திருந்தார். அண்ணை சூடை மீன் பிடிக்கிற வலையை விரித்து, எந்தக் காற்றில் எவ்வளவு தூரம் போவார்கள், எந்தக் காற்றில் போகவே மாட்டார்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தார். ரீச்சர் குனிந்து வலையைத் தொட்டுப் பார்த்தார். பிள்ளை வள்ளத்துக்குள் ஏறி இருந்துகொண்டு இறங்க மாட்டேன் என்று நின்றாள்.

தேநீரை அண்ணைக்குக் கொடுக்காமல் ரீச்சரிடம் நீட்டினேன். வாங்கிக் குடித்தார். அதில் எனக்குத் துணிவு வந்து, அன்றைக்கு நான் ஏன் அப்படிச் செய்தேன் என்றால் என்று தொடங்கினேன். முன்பெல்லாம் என்னை ‘நீர்’ என்று கூப்பிட்டவர், கோப்பையைத் திருப்பித் தந்துவிட்டுச் சொன்னார்: “உங்களை மன்னிக்க நான் வரேல்லை ரீச்சர், கேள்வி கேக்க வந்தனான். கொஞ்சம் தள்ளி நில்லுங்கோ, அண்ணை சொல்லுறது எனக்குக் கேக்கேல்லை.”

எத்தனையோ பிள்ளைகளின் கொப்பிகளில் யோசிக்காமல் சரியும் பிழையும் போட்டுத் தள்ளிய நான், நான் செய்ததற்கு எதைப் போடுவது என்று தெரியாமல் சிவப்புப் பேனையைத் திறந்தபடியே வைத்துக்கொண்டு இருக்கிறேன்.