மண் பூசிய கேரட்

குன்னூரில் நான் சமையல் வேலைக்குப் போகும் பங்களாவில் பிளாஸ்டிக் பை நுழையக் கூடாது. துணிப்பைகள் மட்டும் பதினேழு தொங்குகின்றன, எண்ணியிருக்கிறேன். பூமியைக் காப்பாற்றச் சென்னையிலிருந்து வந்து குடியேறியவர்கள். அடுத்த தெருவில் இருக்கும் இயற்கைக் காய்கறிக் கடைக்கும் காரில்தான் போவார்கள்.

அந்தக் கடையில் கேரட்டை மண்ணோடு வைத்திருப்பார்கள். மண் இருந்தால் மருந்தடிக்காதது என்று மேடத்துக்கு யாரோ சொல்லி வைத்திருந்தார்கள். என் வீட்டுக்காரர் கேத்திப் பக்கம் கேரட் கழுவும் மெஷினில் வேலை பார்க்கிறார். எந்தத் தோட்டத்துக் கேரட்டும் மண்ணோடுதான் அங்கே வந்து இறங்கும். கழுவிய பிறகு மேட்டுப்பாளையம் மண்டிக்கு லாரி ஏறும். அந்த இயற்கைக் கடைக்காரரின் ஜீப் வந்தால் மட்டும் இரண்டு மூட்டையைக் கழுவாமல் ஏற்றிவிடுவார்கள். அவ்வளவுதான் அவர்களுடைய இயற்கை.

சிரித்துவிட்டுப் போயிருப்பேன். ஆனால் அந்த வாரம் ஏற்றிய மூட்டை எந்தத் தோட்டத்துடையது என்று வீட்டுக்காரர் சொன்னதும் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை அங்கே கூலிக்குப் போய், மருந்தடிக்கத் தண்ணீர் சுமந்தவள் நான். பங்களாவில் மூன்று வயதுக் குழந்தை இருக்கிறது. கேரட்டைப் பச்சையாகத்தான் கடிக்கும்.

மறுநாள் காலையில் வீட்டுக்குப் பின்னால் போட்டிருக்கும் என் பாத்தியில் ஒரு கூடை பிடுங்கினேன். சாணியும் அடுப்புச் சாம்பலும் தவிர அது வேறொன்றும் கண்டதில்லை. மண் ஒட்டிய காயை இன்னொரு வீட்டுக்குக் கொடுப்பது எங்களுக்கு மரியாதை இல்லை. நார் போட்டுத் தேய்த்து, பளபளவென்று கழுவிக் கொண்டுபோனேன்.

மேடம் ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்னக்கா, மார்க்கெட் கேரட் மாதிரி இருக்கு?"

"எங்க ஊட்டுல வெளஞ்சதுங்க மேடம். பாப்பாவுக்கு இதக் குடுங்க. அந்தக் கடையில வாங்கறது வேண்டாமுங்க, மருந்து..."

"அங்க எல்லாமே ஆர்கானிக். லேபிள் போட்டிருக்கே, உங்களுக்குப் படிக்கத் தெரியாதில்ல? இத நீங்களே கொண்டு போங்க."

எட்டாவதோடு நின்றவள்தான். ஆனால் லேபிள் ஒட்டுவதற்கு முன்னால் அந்தக் கேரட் எங்கே கிடந்தது என்று தெரிந்தவள். அதைச் சொல்லி வேலை போய்விட்டால் என்ன செய்வது?

கூடையோடு திரும்பி வந்ததைப் பார்த்து வீட்டுக்காரருக்கு ஒரே சிரிப்பு. "ஏம்புள்ள, மண்ணு வேணுங்கறவங்களுக்கு மண்ணக் குடுக்க வேண்டியதுதான?"

அவர் விளையாட்டுக்குச் சொன்னார். நான் வாளியில் மண்ணைக் குழைத்து, கழுவின கேரட்டை ஒவ்வொன்றாக முக்கி எடுத்து அடுப்போரம் உலர்த்தினேன். இப்படியொரு கேவலமான வேலையை நான் அதுவரை செய்ததில்லை.

காலையில் பங்களா சமையலறைக் கூடையில் இருந்த கடைக் கேரட்டை என் பைக்குள் தள்ளிவிட்டு, என்னுடையதை வைத்தேன். அந்த நேரம் பார்த்து மேடம் உள்ளே வந்தார். ஒரு கேரட்டை எடுத்து, கண்ணை மூடி மோந்தார்.

"பாத்தீங்களா அக்கா, இந்த வாசன நேத்து உங்க கேரட்ல இருந்துச்சா?"

"இல்லீங்க மேடம்."

குழாயடியில் அதைக் கழுவிக் குழந்தையின் கையில் கொடுத்தேன். கடித்தது. அதற்குப் பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. பைக்குள் கிடந்ததை மாட்டுக்குப் போடவும் மனம் வரவில்லை. வழியில் குழி தோண்டிப் புதைத்தேன்.

அன்றிலிருந்து வாரம் தவறாமல் மண் பூசுகிறேன். பாத்தியில் இன்னும் இரண்டு வரிசைதான் மிச்சம்.