மடையருகே நின்ற அண்ணன்: கம்பத்துக்கு ஒரு வாய்மொழித் தேர்வுப் பயணம்

போன ஜனவரியில், ஒரு செவ்வாய்க்கிழமை, கம்பம் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் எனக்கு முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வு. வயது ஐம்பத்தொன்று. இந்த ஆண்டுக்குள் பட்டம் வாங்காவிட்டால் வேலை இல்லை என்று நான் பாடம் நடத்தும் கல்லூரியின் நிர்வாகம் எழுதியே கொடுத்துவிட்டது. என்னிடம் படித்த இருவர் இன்று என் துறையில் எனக்கு மேலே இருக்கிறார்கள். இதையும் சொல்லிவிடுகிறேன்.

தேர்வாளரின் பெயரைப் பார்த்ததும் தூக்கம் போயிற்று. பதினோரு ஆண்டுகளுக்கு முன் என் ஆய்வேட்டைத் திருப்பி அனுப்பியவர். பழைய ஆங்கில நாவல் ஒன்றைப் பற்றியது அது. (பெயரைச் சொன்னால் நான் யாரென்று கண்டுபிடித்துவிடுவார்கள்.) அதில் தம்பி ஆற்றில் மூழ்கிச் சாகிறான். மறுநாளிலிருந்து அண்ணன் விடியுமுன்பே வயல் மடைக்குப் போய் அசையாமல் நிற்கிறார். குற்றவுணர்வு, தன்னைத் தானே தண்டித்துக்கொள்வது என்று நான்காம் இயல் முழுக்க எழுதியிருந்தேன். அவர் ஓரத்தில் ஒரே வரி எழுதினார்: “வயல் பக்கம் போய்ப் பார்த்துவிட்டு வரவும்.” கேலி என்று எடுத்துக்கொண்டேன். பத்தாண்டு கழித்து, அந்த இயலில் ஒரு சொல்லைக்கூட மாற்றாமல் மறுபடியும் சமர்ப்பித்தேன்.

மதுரை ஆரப்பாளையத்தில் காலை 5.40க்குப் பேருந்து. தேனி 7.50. அங்கிருந்து கம்பம் நாற்பது கிலோமீட்டர், சாதாரணமாக ஒன்றேகால் மணி நேரம். நான் ஏறிய வண்டி சின்னமனூரில் நின்றுவிட்டது. மணி 8.55, தேர்வு 10.30க்கு. அடுத்த பேருந்தில் கால் வைக்க இடமில்லை. நானூறு ரூபாய் பேசி ஆட்டோவில் ஏறினேன்.

உத்தமபாளையம் நெருங்கும்போது இடப்பக்கம் வயலில் ஒருவர் தலையில் துண்டோடு, மடையைப் பார்த்தபடி சிலையாக நின்றார். அவர் ஏன் நிற்கிறார் என்று ஓட்டுநரிடம் கேட்டேன்.

“முறைத் தண்ணி சார். இன்னைக்கு அவுக முறை. அங்கன இங்கன நகந்தா மேல வயக்காரன் அடைச்சுட்டுப் போயிருவான்.”

நான் போகும் தேர்வையும் நாவலின் கதையையும் சுருக்கிச் சொன்னேன்.

“அதுல மேல வயக்காரன் உண்டா?”

இருந்தார். ஓயாமல் சண்டைக்கு வரும் பக்கத்து நிலக்காரர். அந்தப் பக்கங்களை வெறும் நகைச்சுவை என்று நான் தாண்டிப் போயிருந்தேன்.

“அப்புறமென்ன? காவலுக்கு நிக்கிறாரு. எங்க சித்தப்பா செத்த அன்னைக்கு எங்க முறை. எழவு வீட்டுல இருந்தே எங்கப்பா மம்பட்டியத் தூக்கிட்டுப் போனாக.”

“அழவில்லையா?”

“மடையில நின்னுதான் அழுதாக. வீட்டுல அம்புட்டு ஆளு. இதுக்குப் போயி பரீட்சையா சார்?”

தயாரித்து வைத்திருந்த பதில்கள் அத்தனையும் பையில், ஒன்றும் உதவாது.

10.20க்குப் போய்ச் சேர்ந்தேன். முதல் கேள்வியே அதுதான்: “அந்த அண்ணன் ஏன் அங்க நிக்கிறாரு?” தேர்வாளருக்குச் சொந்த ஊர் ஜெயமங்கலம், விவசாயக் குடும்பம் என்பதைச் சற்று முன்புதான் வாசலில் யாரோ சொன்னார்கள்.

“தண்ணீருக்குக் காவல் நிற்கிறார் சார். துக்கமும் இருக்கிறது. ஆனால் அழுவதற்கும் அவருக்கு அந்த இடம்தான். என் நான்காம் இயல் பாதி தவறு.”

“யார் சொன்னாக?”

“ஆட்டோக்காரர்.”

“நான் பதினோரு வருசத்துக்கு முன்னாடியே சொன்னேனேய்யா.”

“ஒரு வரிதான் சொன்னீங்க சார்.”

அரங்கம் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. பட்டத்துக்குப் பரிந்துரைத்தார்; நான்காம் இயலை மூன்று மாதத்தில் திருத்தித் தர வேண்டும் என்ற நிபந்தனையோடு. இன்னும் இரண்டு வரி எழுதியிருந்தால் என் பதினோரு ஆண்டு மிஞ்சியிருக்கும். அதை நான் மறப்பதாக இல்லை.

போகிறவர்களுக்கு: தேனியில் ஒரு மணி நேரமாவது கையிருப்பு வைத்துக்கொள்ளுங்கள். முக்கியமான வேலை என்றால் முந்தின நாளே கம்பத்தில் தங்கிவிடுங்கள். நான் அன்றிரவு அங்கேதான் தங்கினேன், அறை எழுநூறு ரூபாய். மறுநாள் காலை ஆறரைக்கு அதே மடைக்குப் போனேன். வேறொருவர் நின்றிருந்தார். வரப்பில் நான் இறங்கியதும் மண்வெட்டியைக் கையில் எடுத்தார்.

“யாரு, மேல வயக்காரக அனுப்புன ஆளா?”

இல்லை என்றேன். நான் திரும்பிச் சாலை ஏறும்வரை அவர் மண்வெட்டியைக் கீழே வைக்கவில்லை.